பதினோரு நாள் வீரன்

நான் ஒரு சமயம் பதினோரு நாள் வீரனாக இருந்திருக்கிறேன். இத்தனை வருஷமாக இதை வெளியே சொல்லாததற்குக் காரணம் அடக்கம் அல்ல. அந்த வீரம் எனக்கு வந்தது மலாய் தெரியாத காரணத்தால். போனது மழை நின்ற காரணத்தால். நடுவில், ஆற்றின் குறுக்கே கிடந்த ஒரு கட்டையின் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஏழெட்டுப் பையன்கள் பார்க்க வாய்விட்டு அழுதேனே, அது ஒன்றுதான் நானாகச் செய்த காரியம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகிற வழியில், சாலையை விட்டு வெகு உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பா கிராணியாக இருந்தார். கிராணி என்றால் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர். துரைக்கு அடுத்தபடியாக நாற்காலியில் உட்காரும் பாக்கியம் பெற்றவர். தோட்டத்தில் மூன்று கிராணிகள் இருந்தார்கள் என்பதையும், அப்பா மூன்றாமவர் என்பதையும் நான் அநாவசியமாக யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவும் நானும் ஊரிலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்து இறங்கிய அன்றே அப்பா எனக்கு ஒரு மந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தார். "எங்கயாவது தொலஞ்சு போனீன்னா, யாரு எந்த பாஷையில என்ன கேட்டாலும் கிராணின்னு சொல்லு. கொண்டாந்து விட்டுடுவாங்க." மலாய்க்காரர்களும் அதே சொல்லைத்தான் சொல்வார்களாம். ஆக எனக்குத் தெரிந்த மலாய் அந்த ஒரு சொல். அதைச் சொல்லச் சந்தர்ப்பம் வராதா என்று நான் தொலைந்துபோகக் காத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் என்பது தோட்டத்துக் கடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. நான்கு வகுப்புகள், ஒரே வாத்தியார். ஒரு வகுப்பைப் பார்த்து அவர் பேசும்போது மற்ற மூன்று வகுப்புகளும் தத்தம் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். அந்த மூன்று வகுப்புகளையும் உண்மையில் ஆண்டவன் வீரமுத்து. மண்டோர் மகன். மண்டோர்தான் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்கு விரட்டுகிறவர்; அந்தக் குரல் அப்படியே மகனுக்கும் வந்திருந்தது. வயது பதின்மூன்று. மூன்றாம் வகுப்பில் மூன்றாவது வருஷம். மேலுதட்டில் ஏழு முடி. அவனே எண்ணிச் சொன்னது.

ஆம்பளை என்றால் யார் என்பதை எங்களுக்கு வரையறுத்துக் கொடுத்தவனும் அவனே. பிரம்படி வாங்கும்போது கண்ணில் தண்ணீர் வரக்கூடாது. எட்டடி தூரத்தில் ரப்பர்ப் பால் வடிய மரத்தில் கட்டியிருக்கும் கிண்ணத்துக்குள், அதாவது மங்குக்குள், எச்சில் துப்பத் தெரிய வேண்டும். தண்ணீர்க் குடம், விளக்குமாறு, கைக்குழந்தை ஆகியவற்றைத் தொடக்கூடாது. இது சில்லறைச் சட்டம். பெரிய சட்டம் ஒன்று இருந்தது. தோட்டத்து எல்லையில் ஓடிய ஆற்றின் குறுக்கே ஒரு காட்டு மரம் விழுந்து கிடந்தது. பட்டை உரிந்து, பாசி பிடித்து, மழையில் வழவழவென்றிருக்கும். அதன்மேல் நடந்து அந்தக் கரையிலிருந்த கம்பத்துக்கு, அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, போய்த் திரும்புகிறவன்தான் முழு ஆம்பளை. வீரமுத்து போய்வந்தவன். எப்போது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது ஆம்பளைத்தனமாக இருக்காது.

இந்தச் சட்டங்களின்படி என் நிலைமை பரிதாபம். நான் பூட்சு போட்டுக்கொண்டு வருவேன். தலையில் எண்ணெய் வழியும். சட்டையில் அம்மா ஒரு கைக்குட்டையை ஊக்கால் குத்தி அனுப்புவாள். முதல் வாரமே வாத்தியாரின் பிரம்பு காற்றில் உயர்ந்தபோதே, கையில் விழுவதற்கு முன்பாக, அழுதுவிட்டவன் நான்.

ஆனால் எனக்கும் கீழே ஒருவன் இருந்தான். அதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். பெயர் கோவிந்தன். பதினோரு வயதிருக்கும். அவன் இடுப்பில் எப்போதும் அவனுடைய தங்கைப் பாப்பா உட்கார்ந்திருக்கும். அவன் அப்பா வேறு தோட்டத்துக்கு வேலை தேடிப் போனவர், போனவர்தான். அம்மா விடியுமுன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகையும் அதில் ஓர் ஆயாவும் உண்டு. ஆனால் இந்தப் பாப்பாவுக்குக் கடிக்கிற பழக்கம். மூன்று குழந்தைகளையும் கடைசியில் ஆயாவையும் கடித்ததும், "இனிமே இத இங்க கொண்டாந்தீங்கன்னா நான் வேலைய உட்டுருவேன்" என்று ஆயா சொல்லிவிட்டாள். பாப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது அப்படித்தான். கோவிந்தன் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பலகையில் எழுதுவான். வீரமுத்து அவனுக்கு வைத்த பெயரே 'ஆயா'.

ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் வீரமுத்து எங்களை ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனான். கட்டையைக் கடக்க யாருக்குத் தைரியம் இருக்கிறது என்று அன்று காலையிலிருந்தே வாக்குவாதம். "நாளைக்குப் போறேன்", "எங்கம்மா திட்டும்", "காலுல முள்ளு" என்று ஆளுக்கொரு சாக்கு. கோவிந்தனும் பாப்பாவோடு பின்னால் வந்து நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை, விரட்டவுமில்லை.

அப்போது அந்தக் கரையில் ஒரு மலாய்ப் பையன் வந்து நின்றான். எங்களைவிடப் பெரியவன். ஒரு கையில் ரம்புத்தான் பழக் கொத்து, இன்னொரு கையில் ஏதோ வெள்ளையாக. துரை வளர்த்த நாய்கள் எங்கள் கரையில் சுற்றும் என்பதால் கம்பத்து ஆட்கள் இந்தப் பக்கம் வரமாட்டார்கள். அவன் அங்கிருந்தபடியே வாயில் கைகுவித்துக் கத்தினான். ஆற்றிரைச்சலில் பாதியைத் தண்ணீர் தின்றது. மீதி எங்கள் காதுக்கு வந்தது.

"சியாப்பா ...ரானி?"

எனக்கு உடல் சிலிர்த்தது. கேட்டது தமிழேதான். கொஞ்சம் கொச்சைத் தமிழ், அவ்வளவுதான். "யாரப்பா கிராணி?" என்கிறான்! என் ஒற்றைச் சொல்லுக்கு வேளை வந்துவிட்டது. நான் கைக்குட்டை பறக்க எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய், கட்டையின் நுனியில் ஒரு பூட்சை ஊன்றி, மார்பில் தட்டிக்கொண்டு கத்தினேன்:

"நான்தான்! நான்தான்!"

திரும்பிப் பார்த்தால் பையன்கள் வாய் பிளந்து நிற்கிறார்கள். வீரமுத்து என்னை அதுவரை பார்த்திராதவன்போல் பார்த்தான். கிராணி உத்தியோகத்தின் மகிமை இவர்களுக்கு இப்போதாவது விளங்கிற்றே என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குள் மழை வந்துவிட்டது. இங்கே மழை சொல்லிக்கொண்டு வராது. வாளியைக் கவிழ்த்ததுபோல் கொட்டும். மலாய்ப் பையன் "பேசோக்! பேசோக்!" என்று கத்திவிட்டு ஓடினான். அதற்கு 'நாளைக்கு' என்று அர்த்தம் என்று யாரோ சொன்னார்கள். மறுநாளோ ஆறு கட்டையை மூடிக்கொண்டு ஓடிற்று.

மழை பெய்தபடியே இருந்தது. என் வாழ்க்கையில் அதுபோன்ற பொற்காலம் பிறகு வரவில்லை. மறுநாள் வீரமுத்து கடைசிப் பலகையில் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி, "இங்க குந்துடா" என்றான். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தான். மங்குக்குள் துப்ப எனக்குத் தனிப் பயிற்சி நடந்தது. என் சட்டைதான் நனைந்தது, அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. அம்மா குத்திய கைக்குட்டையைக் கழற்றப் போனபோதுகூட வீரமுத்து தடுத்துவிட்டான். "இருக்கட்டும்டா. கொடி மாதிரி இருக்கு."

மூன்றாம் நாள் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாய் அருகே கோவிந்தன் என்னைப் பிடித்தான்.

"கிராணி மவனே, நெசமாவே போவப் போறியா?"

"எங்கே?"

"கட்ட மேலதான்."

"நான் ஏன் போகணும்? அவன் யாரு கிராணின்னு கேட்டான். நான்தான்னு சொன்னேன்."

கோவிந்தன் என்னையே பார்த்தான். பாப்பாவும் பார்த்தது.

"அய்யய்யோ. டேய், அவன் கேட்டது கிராணி இல்லடா. பெரானி! 'சியாப்பா பெரானி'ன்னா எவனுக்குத் தைரியம் இருக்குன்னு அர்த்தம். கட்டயத் தாண்டி வந்தா பழம் தரேன்னு காமிச்சான். நீ மாரத் தட்டிட்டு வந்துட்ட!"

ராணி என்று காதில் விழுந்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாகப் போயிருக்காதே என்று தோன்றியது.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்றேன்" என்றான் அவன். "மழ இன்னும் நாலஞ்சு நாளு பெய்யும். அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணிக்க."

நான் பண்ணிக்கொண்டது இதுதான். என் ரகசியம் தெரிந்தவன் அவன் ஒருவன். அவன் பேச்சை யாரும் நம்பாதபடி செய்துவிட்டால் எனக்கு ஆபத்தில்லை. மறுநாள் வீரமுத்து வழக்கம்போல் "ஆயா, பால் குடுத்தாச்சா?" என்று கேட்டபோது, நான் குரலை உயர்த்தி, "ஆயாவுக்கு அடுத்த பிரசவம் எப்போ?" என்றேன். கொட்டகையே சிரித்தது. நான் எழுதிப் பிழைக்கும் இந்தத் தொழிலில் முதன்முதலாகக் கைதட்டல் வாங்கிய வரி அது. கோவிந்தன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பாப்பாவை இடப்பக்க இடுப்பிலிருந்து வலப்பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். ரகசியத்தை அப்போதும் அவன் சொல்லவில்லை. இதற்குமேல் அவனை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மழை நாட்களில் அவன் தினமும் தாமதமாக வந்தான். தலை முதல் கால் வரை நனைந்திருக்கும். வாழை இலைக்குக் கீழே பாப்பா மட்டும் காய்ந்திருக்கும். "ஏண்டா லேட்டு?" என்பார் வாத்தியார். "பாப்பாவுக்குப் பாலுங்கய்யா" என்பான். அவ்வளவுதான் விளக்கம். கையை நீட்டுவான். பிரம்பு விழும், பாப்பாவை மாற்றிக்கொண்டு மறு கையை நீட்டுவான். கண்ணில் ஒரு சொட்டு வராது. பிரம்படிக்கு அழாதவனே ஆம்பளை என்று சட்டம் இயற்றிய நாங்கள் எட்டுப் பேரும் அதை ஒரு வாரம் தினமும் பார்த்தோம். ஒருவனுக்கும் அது கணக்கில் சேர வேண்டியது என்று தோன்றவில்லை. இடுப்பில் குழந்தை இருந்ததே.

நான் மழைக்காக வேண்டிக்கொள்ளாத சாமியில்லை. பதினோராம் நாள் பளீரென்று வெயிலடித்தது.

மத்தியானம் ஊர்வலமாகப் போனோம். ஆறு வடிந்து கட்டை ஈரத்தோடு மின்னியது. அந்தக் கரையில் மலாய்ப் பையன் புதிய ரம்புத்தான் கொத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கையாட்டினான். அவனுடைய உற்சாகம் எனக்குப் பிடிக்கவேயில்லை.

பூட்சைக் கழற்றினேன். கழற்றுவதை எவ்வளவு நேரம் செய்ய முடியுமோ அவ்வளவு நேரம் செய்தேன். பின்னாலிருந்து கோவிந்தனின் குரல் தாழ்வாகக் கேட்டது. "தண்ணியப் பாக்காத. அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போ." நான் அதைக் காதில் வாங்காதவன்போல் நடந்தேன். ஆறு அடி வைத்தேன். ஏழாவது அடியில், பார்க்காதே என்று சொன்னார்களே என்ற ஞாபகத்தில், தண்ணீரைப் பார்த்தேன்.

அந்தப் பழுப்பு நிறத் தண்ணீர் ஓடவில்லை. நான்தான் கட்டையோடு சேர்ந்து மேற்கே போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு நடந்தது தெரிந்ததே. "அம்மா" என்று கூப்பிட்டதாகவும் ஞாபகம்.

"டேய், ஆம்பளயா இருடா!" என்று கரையிலிருந்து வீரமுத்து கத்தினான்.

"நீ போயிக் கூட்டியாயேன்" என்றான் முதல் வகுப்புப் பொடியன் ஒருவன். குழந்தைத்தனமாகத்தான் கேட்டான். ஆனால் எல்லாரும் வீரமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கட்டையின் நுனி வரை வந்தான். ஒரு காலை வைத்தான், எடுத்தான். ஏழு முடியும் வேர்த்திருந்தது. அந்தக் கட்டையின் மேல் அவன் ஒருநாளும் போனதில்லை என்பது, அழுதுகொண்டிருந்த எனக்கே தெரிந்தது.

கோவிந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இடுப்பிலிருந்த பாப்பாவைப் பெயர்த்தெடுத்து வீரமுத்துவின் கையில் வைத்தான்.

"புடி."

"டேய், நானா? டேய்!"

"முதுகுல கை குடு. கடிச்சா கத்தாத, அது பயந்துக்கும்."

சொல்லிவிட்டு, கடைக்குப் போகிறவன்போல் கட்டையின் மேல் நடந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"அழுது முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சரி, அழு. நிக்கிறேன்."

நின்றான். இப்படி ஒருவன் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கும்போது அழுகை வெகுநேரம் வராது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

"முன்னாடி போறியா, பின்னாடி போறியா?"

"எது கிட்ட?"

"ரெண்டும் ஒரே தூரந்தான். முன்னாடி போனா பழமாச்சும் கெடைக்கும்."

"எனக்கு எந்திரிக்க முடியாது."

"யாரு எந்திரிக்கச் சொன்னா? குந்தினபடியே நவுரு. நான் கால்சட்டயப் புடிச்சுக்கிறேன்."

அப்படித்தான் நான் ஆற்றைக் கடந்தேன். சரித்திரத்தில் உட்கார்ந்தபடியே ஆற்றைக் கடந்த வேறு வீரன் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. மலாய்ப் பையன் கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டான், "கோவின்!" என்று கோவிந்தன் தோளில் சிநேகமாகக் குத்தினான். அந்த நிமிஷம் அக்கரையில் ஓர் அலறல். பாப்பா அல்ல, வீரமுத்து. உடனே கோவிந்தன் திரும்பி, அந்தக் கட்டையின்மேல், நான் சொல்வதை நம்புங்கள், ஓடினான்.

நான் தனியே மலாய்ப் பையனோடு நின்றேன். அவன் கொத்தை என் கையில் கொடுத்தான். பிறகு நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்து, வெகு நேரம், வெகு கவனமாக ஏதோ சொன்னான். எனக்கு விளங்கியது நடுநடுவே வந்த ஒரு சொல் மட்டும். கிராணி, கிராணி என்றான், அல்லது பெரானி, பெரானி என்றான். எதுவானாலும் ஆகட்டும் என்று நான் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன். அவன் மிகவும் திருப்தியடைந்தான்.

திரும்பும் பயணத்துக்கு யாரும் என் கால்சட்டையைப் பிடிக்கவில்லை. கொத்தைக் கழுத்தில் மாட்டி, காகிதத்தைச் சட்டைக்குள் போட்டு, நானாகவே உட்கார்ந்தபடி நகர்ந்தேன். பாதிக் கட்டையில் கோவிந்தன் எனக்காக வந்து நின்றிருந்தான், இடுப்பில் பாப்பாவோடு. அது தண்ணீரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. கட்டை அதற்குப் பழகிய இடம் என்பது அந்தக் கைதட்டலிலேயே தெரிந்தது. தினமும் பொழுது விடிகிற வேளையில், நாங்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, அவன் அதைத் தூக்கிக்கொண்டு இந்தக் கட்டையின் வழியாகத்தான் மலாய்ப் பையன் வீட்டு ஆட்டுப்பாலுக்குப் போய்க்கொண்டிருந்தான். வெள்ளத்தின்போது மூன்று மைல் சுற்றி.

நான் கரையேறினேன். வீரமுத்துவின் சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். தோளில் நாலு பல் பதிந்திருந்தது. அவன் தன் ராஜ்யத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நெருக்கடியில் இருந்தான்.

"பாத்தீங்களாடா, ஆயா கூட்டியாந்த ரெண்டாவது பாப்பா!" என்றான்.

ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பு கோவிந்தன் பக்கம் திரும்பப் போகிறது, என்னையும் சேர்த்துக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அடிதடிக்கு நான் லாயக்கில்லை. கையை உள்ளே விட்டுக் காகிதத்தை எடுத்தேன்.

"சிரிக்காதீங்க. சர்ட்டிபிகேட் குடுத்திருக்கான்" என்றேன்.

எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். காகிதம் முழுவதும் அரபு எழுத்தில் மலாய். மலாய் பேசத் தெரிந்த கோவிந்தனுக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியாததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதைவிடச் சௌகரியமான காகிதம் ஒரு கதாசிரியனுக்குக் கிடைக்காது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்து, இடமிருந்து வலமாக வாசித்தேன். அந்த எழுத்து வலமிருந்து இடமாகப் போகும் என்பது எனக்குப் பல வருஷம் கழித்தே தெரியவந்தது.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது. முதல் வீரன், கோவிந்தன்."

கோவிந்தன் தலை நிமிர்ந்தான்.

"ரெண்டாவது வீரன், கிராணி மகன்." என்னை அடியோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

வீரமுத்து கிட்டே வந்தான். குரல் இறங்கியிருந்தது. "எம் பேரு இருக்காடா?"

பழிவாங்க அதைவிட நல்ல சமயம் வராது. ஆனால் ஈரச் சட்டையும் பல்தடமுமாக அவன் அப்படிக் கேட்டபோது, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. விரலை நகர்த்திக்கொண்டே போய்க் கடைசி வரிக்கு மேல் நிறுத்தினேன்.

"இருக்கு. மூணாவது. 'கடி வாங்கியும் குழந்தையைக் கீழே போடாத வீரன், வீரமுத்து.'"

அவன் அந்தக் காகிதத்தை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு எல்லாருமாக உட்கார்ந்து ரம்புத்தானை ஒன்றுகூட மிச்சமில்லாமல் தின்று தீர்த்தோம். பாப்பாவுக்குக் கொட்டை நீக்கி ஊட்டியவன் வீரமுத்து.

அடுத்த வாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டம் மாறிப்போயிருந்தது. யார் இடுப்பில் பாப்பா அழாமல், கடிக்காமல் அதிக நேரம் உட்காருகிறதோ அவனே ஆம்பளை என்று வீரமுத்து பிரகடனம் செய்தான். வாத்தியார் முதல் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற மூன்று வகுப்புகளிலும் பாப்பா கைமாறிக்கொண்டே போகும். "டேய், எம் முறைடா", "நேத்தே நீ வச்சிருந்தலா" என்று, பேச்சுக்குப் பேச்சு மலாய் 'லா' ஒட்டிச் சண்டை. கோவிந்தன் இரண்டு கையும் சும்மா இருக்க, கடைசிப் பலகையில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். ஆயா என்ற பெயர் பட்டமாகிவிட்டது. அதற்கும் போட்டி இருந்தது. நான் மட்டும் சரிப்படவில்லை. பாப்பா என்னை மூன்று தடவை கடித்தது.

பிரசவம் எப்போது என்று கேட்டதற்கு நான் கோவிந்தனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டையில் அவனுக்குப் பயமாக இருக்குமா என்றும் கேட்கவில்லை. பயம் என்பது எனக்கு மட்டும் கிடைத்த சரக்கு என்று நினைத்திருந்தேன். அவன் இப்போது கெமாஸில் ரயில்வேயில் இருக்கிறான். கடித்த பாப்பா பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. சில வருஷங்களுக்கு முன் அவனைப் பார்த்தபோது ஒருவழியாகக் கேட்டேன். "பயமில்லாம? தினமும் காலு வெடவெடங்கும். ஆனா அது தூங்கிட்டிருக்குமே, நடுங்குனா முழிச்சுக்குமேன்னு நடுங்கமாட்டேன்" என்றான்.

அந்தக் காகிதத்தை நான் என் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். யுத்தம் வந்து போயிற்று, வீடுகள் மாறின, காகிதம் மட்டும் இருந்தது. அந்த மலாய்ப் பையன், அவன் பெயர் மாட், இன்று சிரம்பானில் ஓர் ஆபீசில் பெரிய கிராணி. போன மாதம் ஒரு காரியமாகப் போன இடத்தில் பேச்சுவாக்கில் இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். மறுநாளே காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலமிருந்து இடமாக வாசித்தார். கோவிந்தனிடம் கற்ற தமிழில் எனக்கு வரிவரியாகச் சொன்னார்.

"'மதிப்புக்குரிய கிராணி அவர்களுக்கு. உங்க தோட்டத்து மண்டோரோட மூணு மாடு தினமும் ஆத்தத் தாண்டி வந்து என்னோட மரவள்ளியெல்லாம் தின்னுது. அதுகளக் கட்டி வெக்கச் சொல்லணும். இத்தோட கொஞ்சம் பழம் அனுப்பியிருக்கேன்.' எங்கப்பா எழுதுனது. மண்டோர் மேல புகாரு, அதனால கோவின்கிட்டக் குடுத்தா அவங்கம்மாவுக்கு வேல போயிடும்னு சொன்னாரு. கிராணி வீட்டு ஆளு கைல நேராக் குடுன்னாரு. அதான் நான் ஆத்தங்கரையில நின்னு கத்துனேன், சியாப்பா கிராணின்னு."

"கிராணியா? பெரானி இல்லையா?"

"பெரானியா? நான் எதுக்கு அதக் கேக்கணும்? பழம் உங்கப்பாவுக்கு."

ஆக, அன்று எங்கள் கரையில் நின்ற எட்டுப் பேரில், மலாய் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் தப்பாகக் கேட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து தைரியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காதுகளுக்கு அது தைரியமாகவே விழுந்திருக்கிறது. சரியாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். முப்பது வருஷம் கழித்து இந்தச் செய்தி எனக்குக் கொடுத்த பெருமையில், அந்தக் காகிதத்தில் மண்டோர் இருந்தபடியால் வீரமுத்துவின் குடும்பத்தை நான் பொய்யாகச் சேர்க்கவில்லை என்ற திருப்தியும் கலந்திருந்தது.

மாட் காகிதத்தை அதே மடிப்பில் நாலாக மடித்து, மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.

"எங்கப்பா அப்புறம் மாடு தின்னாத மொளகாயப் போட்டுட்டாரு" என்றார். "ஆனா கிராணி, இதுக்கு இன்னும் பதிலு வரலலா."